எடைக்கு வராத வேலை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பாதி தூரம் ஏறியதும் பஸ் ஜன்னலில் சேலம் மொத்தமாக விரிகிறது. நகரத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று தெரியும் குவியல்கள் மாக்னசைட் சுரங்கத்து மண். அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால், உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வைக்கும் வெப்பம் தாங்கும் செங்கல் செய்யலாம். மலைக்கு மேலே பாக்சைட் கிடைத்தது. அது கீழே இறங்கி, மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமானது. மண்ணாகக் கிடந்த ஒன்று, ஏதோ ஓரிடத்தில் யாரோ செய்த வேலையால் விலைபோகும் பொருளாகிறது. அந்த இடம் எது, அந்த வேலை எது என்பதுதான் என் கேள்வி. நான் மலை ஏறியது கல்லைப் பார்க்க அல்ல, காப்பியைப் பார்க்க. டிசம்பர் மாதம், பறிப்பு நடக்கும் பருவம்.

ஆலைகளில் வேலை எப்படி நகர்கிறது என்று கவனித்து எழுதுவது என் தொழில். அந்தத் துறையில் 'மதிப்புக் கூட்டும் வேலை' என்று ஒன்றைத் தனியே பிரித்து வைப்பார்கள். அந்தப் பெயரைப் பெற ஒரு வேலை மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். அதனால் பொருள் மாறியதா? அந்த மாற்றத்துக்கு வாங்குகிறவர் காசு கொடுப்பாரா? முதல் தடவையிலேயே சரியாக நடந்ததா? தாண்டாத வேலைகளில் கணக்கு, சோதனை, சட்டத்துக்கான பதிவு போலச் செய்தே தீர வேண்டியவை உண்டு. மிச்சமெல்லாம் வீண். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ இந்த வீணை ஏழு வகையாக எழுதினார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, இடம் மாற்றிச் சுமப்பது, வேண்டாத மெருகு, சரக்கைக் குவித்து வைப்பது, உடம்பின் வீண் அசைவு, பழுது. கார் ஆலையில் பிறந்த இந்தப் பட்டியலை இன்று ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் எடுத்துப் போகிறார்கள். பல இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. மலைத்தோட்டத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே முட்டுகிறது என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் பேரிக்காயையும் காப்பியையும் இங்கே நட்டுப் பார்த்தார். அவர் காலத்துக் கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. நான் போன எஸ்டேட் ஒண்டிக்கடை தாண்டி நாகலூர் பக்கம், ஏரிக்கரைக் கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு சரிவில் இருந்தது. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, ஊடே பலாவும் ஆரஞ்சும், அந்த நிழலுக்குக் கீழே நெஞ்சுயரத்துக்கு வெட்டி வளர்த்த காப்பிச் செடிகள். எல்லாம் அராபிகா. பழைய எஸ். 795 ரகமும், சில பாத்திகளில் புதிய சந்திரகிரியும் இருப்பதாக ரைட்டர் சொன்னார். எஸ்டேட் கணக்குப் பார்க்கிறவரை இங்கே இன்னமும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பறிப்பை அருகில் நின்று பார்க்காதவர்களுக்கு அது எளிய வேலையாகத் தோன்றும். ஒரு கணுவில் பத்துப் பதினைந்து காய்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் நாலு நல்ல சிவப்பு, மூன்று மஞ்சள், மற்றவை பச்சை. மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூமழைக்கு வெள்ளையாகப் பூத்தவைதான். ஆனால் அந்த மழை ஒரே தவணையில் பெய்வதில்லை. நிழலும் சரிவும் செடிக்குச் செடி வேறு. அதனால் எட்டொன்பது மாதம் கழித்து அவை ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. பறிக்கிற பெண் அந்த நாலு சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் காம்போடு அடுத்த வருஷத்து மொட்டும் போய்விடும். லேசாகத் திருகிக் காம்பைச் செடியிலேயே விட வேண்டும். காலுக்குக் கீழே வழுக்கும் சரிவு, இடுப்பில் நிறைந்து கனக்கும் பை. இரண்டு கைகளும் வேறு வேறு கிளையில் இருக்க, கண் அதற்குள் அடுத்த கணுவுக்குப் போய்விட்டிருக்கிறது.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனார்கள் செங்கல் வைப்பதைப் பார்த்து, ஒரு கல்லுக்குப் பதினெட்டாக இருந்த அசைவுகளை ஐந்தாகக் குறைத்துக் காட்டினார். கல்லுக்காகக் குனிய வேண்டாம் என்று சாரத்தையே உயர்த்தி அமைத்தார். இந்தச் சரிவில் நின்றால் அவருக்குச் செய்ய நிறைய இருந்திருக்கும் என்று நினைத்தேன். நிறைந்த பையைச் சாலை வரை சுமந்துபோய்க் கொட்டிவிட்டு ஏறி வரும் நடை அத்தனையும் வீண் அசைவுதான். அதைக் குறைக்க வழி உண்டு, குறைக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கண் செய்கிற வேலையை எந்தச் சாரமும் சுருக்காது. இதைப் பறி, இதை விடு என்று ஒவ்வொரு கணுவிலும் எடுக்கும் முடிவு அது. பருவத்தின் தொடக்கத்தில் ஃப்ளை பிக்கிங் என்று முந்திப் பழுத்ததை மட்டும் எடுப்பார்கள். பிறகு பெரும் பறிப்பு, அதிலேயே இரண்டு மூன்று சுற்று. கடைசியில் மிச்சத்தை உருவி எடுத்து முடிப்பார்கள். ஒரே செடிக்கு இத்தனை தடவை வருவதே, பச்சையைத் தொடாமல் விடுவதற்காகத்தான்.

பறித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். இந்த மலையின் சாமியான சேர்வராயனுக்கு மே மாதம் விழா எடுக்கிற மக்கள். மாலை நாலரைக்கு எல்லோரும் சாலையோரம் பைகளை இறக்கினார்கள். மேஸ்திரி கிளையில் தொங்கவிட்ட தராசில் ஒவ்வொன்றாக மாட்டி எடை சொல்ல, ரைட்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். நாள் கூலிக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பையில் பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்னால் எடை போட்ட பையில் பச்சையும் மஞ்சளும் நிறையக் கிடந்தன. அது நாலைந்து கிலோ கூடுதலாகவும் இருந்தது.

"செவப்பு மட்டும் பறின்னுதான் சொல்றாங்க. தராசு செவப்பு பாக்குமா கண்ணு?" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். என் பயணத்தின் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் இதுவே முக்கியமானது. காரணம் மறுநாள், தோலுரிக்கும் இயந்திரம் இருக்கும் பல்பர் வீட்டில் தெளிவாயிற்று.

பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல பழம் மூழ்கும், உலர்ந்ததும் பூச்சி அரித்ததும் மிதக்கும். மூழ்கியது பல்பருக்குப் போகும். நன்கு பழுத்த பழம் லேசான அழுத்தத்திலேயே கொட்டையைக் கக்கிவிடுகிறது. பச்சைக் காயில் வழுவழுப்பு இல்லை. அது உரிபடாமலே வெளியே வரும், அல்லது இயந்திரத்தில் நசுங்கிக் கொட்டையில் வெட்டுப்படும். கொட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்புப் போக ஒரு நாள், குளிர் அதிகமென்றால் ஒன்றரை நாள், தொட்டியில் புளிக்க விடுகிறார்கள். தொட்டிக்காரர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். வழுக்காமல் நறநறவென்று கூழாங்கல் தேய்கிற சத்தம் வந்தால் போதும், கழுவலாம். கொஞ்சம் தாமதித்தாலும் புளிப்பு ஏறிவிடும். கழுவிய தண்ணீர் அமிலமும் சர்க்கரையும் கலந்தது, ஓடையில் விட்டால் ஓடை கெடும். அதைக் குழிகளில் தேக்கிச் சுத்தப்படுத்துவது பாடப்புத்தகக் கணக்கில் மதிப்புக் கூட்டாத வேலை. கிளியூர் அருவிக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் கேட்டால் கணக்கு வேறாகத்தான் வரும். 'வாங்குகிறவர் காசு கொடுப்பாரா' என்ற கேள்வி, வாங்காமலே விளைவைச் சுமக்கிறவர்களைப் பார்ப்பதில்லை. இது அந்தக் கேள்வியின் உண்மையான குறை.

களத்துக்கு வந்தோம். கழுவிய கொட்டை, மேலே மெல்லிய மஞ்சள் ஓட்டோடு, பரவலாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டோடு இருப்பதற்குப் பெயர் பார்ச்மென்ட். இரண்டு பெண்கள் மரப்பலகையால் வரி வரியாகத் தள்ளிப் புரட்டிக்கொண்டேயிருந்தார்கள். நல்ல வெயிலென்றால் ஏழிலிருந்து பத்து நாள். அந்த வாரம் நல்ல வெயில் இல்லை. சேர்வராயன் மலைக்கு வடகிழக்குப் பருவமழை சரியாகப் பறிப்பு நேரத்தில்தான் வால் நீட்டும். பிற்பகலில் மேகம் கூடினால் மொத்தக் களமும் ஓடும்; குவித்துத் தார்ப்பாய் போட்டு, மழை விட்டதும் மறுபடி விரிப்பார்கள். ஓட்டை உடைத்துப் பார்க்காமலே பதம் அறிய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே அளவுப் பாத்திரத்தில் அள்ளி நாள்தோறும் நிறுக்கிறார்கள். எடை குறைவது நின்றுவிட்டால், ஈரம் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஓனோவின் பட்டியல் முட்டுவது இங்கேதான். ஒரு கோப்பைக் காப்பியின் பின்னால் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். செடியில் எட்டொன்பது மாதம். பறிக்க ஒரு நொடி. தோலுரிக்க ஒரு நொடி. புளிக்க ஒரு நாள். காய ஒரு வாரத்துக்கு மேல். வறுக்கக் கால் மணி, அரைக்க அரை நிமிஷம், டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி. கை படுகிற நேரத்தை மட்டும் எண்ணினால் ஒரு மணி நேரம்கூட வராது. கார் ஆலையில் இப்படி வந்தால், மிச்சமெல்லாம் காத்திருப்பு, வெட்டு என்பார்கள். ஆனால் தொட்டியில் கிடக்கும்போதும் களத்தில் கிடக்கும்போதும் கொட்டைக்குள் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அதிக சூட்டில் உலர்த்தினால் ஓடு வெடித்துக் கொட்டை வெளிறும், ருசி போகும். அந்தக் காத்திருப்பே வேலை. அதே எஸ்டேட்டின் கிடங்கில், காய்ந்து முடிந்த மூட்டைகள் லாரிக்கும் விலைக்கும் காத்திருந்தன. அந்த நேரத்தில் கொட்டைக்கு எந்த நன்மையும் இல்லை. மழைக்காற்றில் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டால் கெடுதல்தான். நூறடித் தொலைவில் இரண்டு காத்திருப்புகள்: ஒன்று மதிப்பைச் சேர்க்கிறது, மற்றது கரைக்கிறது. கடிகாரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறவருக்குத்தான் வேறுபாடு தெரியும். எங்கள் துறையில் வேலையின் நகர்வை வரைபடமாகப் போடுகிறவர்கள் ஒரு வாரமாவது இப்படியொரு களத்தில் நிற்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன்.

இனி எடைக்கு வருகிறேன். ரைட்டர் நோட்டுப் பின்னட்டையில் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. 100 கிலோ பழம் பறித்தால் ஏறக்குறைய 20 கிலோ பார்ச்மென்ட். அது கியூரிங் ஆலைக்குப் போய் ஓடு நீங்கினால் 16 கிலோ கொட்டை. வறுத்தால் ஈரமும் ஆவியும் போய் 13, 14 கிலோ. ஒவ்வொரு படியிலும் மதிப்பு ஏறுகிறது, ஒவ்வொரு படியிலும் எடை இறங்குகிறது. தோலை நீக்கி, வழுவழுப்பை நீக்கி, ஈரத்தை நீக்கி, ஓட்டை நீக்கி, கறுத்ததையும் உடைந்ததையும் நீக்கித்தான் காப்பி காப்பியாகிறது. இந்த வரிசை முழுவதிலும் 'வேண்டாததை விடு' என்பதே வேலை. அந்த வரிசையின் முதல் ஆள் பறிக்கிற பெண். அவர் விட்டுவிட வேண்டியது பச்சைக் காய். ஆனால் அவருக்குக் கூலி எடைக்கு. விட்டதற்கு ஒரு பைசாவும் இல்லை.

பையில் வந்த பச்சை அங்கேயே மறைந்துவிடுவதில்லை. பல்பரில் தப்பினால் களத்துக்கு வரும், களத்தில் தப்பினால் மூட்டையில் ஏறும். கோயம்புத்தூரோ பட்டிவீரன்பட்டியோ கர்நாடகத்து ஹாசனோ, எந்தக் கியூரிங் ஆலைக்குப் போனாலும் அங்கே வண்ணம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் இருக்கும். அதற்குப் பிறகும் கார்பிளிங் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையால் பொறுக்கும் பெண்கள் பல ஆலைகளில் உண்டு. அதையும் தாண்டிய பச்சை, வறுக்கும்போது வெளிறிய கொட்டையாக நின்று, கோப்பையில் துவர்க்கும். ஒருவருக்குக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவந்ததை, வேறு ஒருவருக்குக் காசு கொடுத்து வெளியே எடுக்கிறோம். முதல் தடவையிலேயே சரியாக நடந்ததா என்ற மூன்றாவது கேள்வியில் இந்த வேலை தோற்பது இங்கேதான். அப்படிப் பொறுக்கியெடுத்த கறுப்பும் பழுப்பும் உடைசலும் பி.பி.பி. என்ற தரப்பெயரில் மலிவாக விற்கும். நல்லது துளைச் சல்லடையில் பிரியும். 6.65 மில்லிமீட்டர் துளையில் நின்றால் பிளான்டேஷன் ஏ, 6 மில்லிமீட்டரில் நின்றால் பி. சல்லடை பார்ப்பதும் அளவைத்தான்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தில் உருவான காப்பி போர்டு, விளைந்ததை எல்லாம் ஒரே பொதுக் குவியலாக வாங்கி விற்றது. விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் வந்தது. போர்க்கால விலைச் சரிவிலிருந்து தோட்டங்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. பலரைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் உங்கள் காப்பியும் பக்கத்து மலைக் காப்பியும் கலந்து போகும்போது, சிவப்பை மட்டும் பறித்தவர் தன் பெயரில் எதையும் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. தரத்துக்குப் புள்ளிகள் இருந்தன, முகவரி இல்லை. 1990களில் படிப்படியாகக் கட்டுகள் தளர்ந்து, 1996இல் விவசாயி தன் விருப்பப்படி முழுவதையும் விற்கலாம் என்றாயிற்று. கதவு திறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகிறது. தராசு மட்டும் பழைய தராசாகவே நிற்கிறது.

மாற்று வழியை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தனிச்சிறப்புக் காப்பி விற்கிற தோட்டங்களில் பழுத்ததை மட்டும் பறித்தால் கூடுதல் கூலி உண்டு. பையிலிருந்து கண்ணை மூடி 100 பழம் அள்ளி எண்ணினால் போதும். அதில் தொண்ணூற்றைந்து சிவப்பு என்றால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல். இதை ரைட்டரிடம் சொன்னபோது அவர் உடனே மறுத்தார். "எண்ணுறதுக்கு ஒரு ஆள் வேணும் சார். அந்த ஆள் பறிச்சா எனக்குப் பழமாச்சும் வரும்." நியாயமான மறுப்பு. எண்ணுவது மதிப்புக் கூட்டும் வேலை அல்ல, சோதனை. ஆனால் இந்தச் சோதனை சரக்கைப் பிரிப்பதற்கல்ல, பறிக்கிறவர் கை அடுத்த நாள் எப்படிப் போகும் என்பதை மாற்றுவதற்கு. கார்பிளிங் மேசையில் பொறுக்கினால் அந்த மூட்டை மட்டும் சுத்தமாகும். சாலையோரம் எண்ணிக் கூலி கொடுத்தால் நாளைய செடி சுத்தமாகும். அந்த அம்மாவுக்கு இத்தனை ஆண்டுகளாக இனாமாக வாங்கிக்கொண்ட வேலைக்குக் காசும் போகும். இதை நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். ரைட்டர் பேசாமல் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "ஒரு பாத்தியில செஞ்சு பாக்கலாம். மொதலாளிகிட்ட கேக்கணும்" என்றார்.

இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தேன். சேலத்தில் எனக்குப் பழக்கமான, வறுத்து அரைத்துக் கொடுக்கும் காப்பிக் கடை ஒன்று இருக்கிறது. சிக்கரி கலக்காததும் கேட்டால் கடைக்காரர் தருவார். பெரும்பாலோர் கேட்பது எண்பதுக்கு இருபது. சட்டம் 49 சதவீதம் வரை சிக்கரியை அனுமதிக்கிறது, விகிதத்தைப் பொட்டலத்தில் போட்டாக வேண்டும். கெட்டியும் நிறமும் வேண்டி விரும்பிக் குடிக்கிறவர்கள் உண்டு, அது அவர்கள் ருசி. ஆனால் பழம் தொடங்கிக் கோப்பை வரை நான் பார்த்த வழியில் எடை கூடுகிற ஒரே இடம் அதுதான்.

கடை மூலையில் பிளான்டேஷன் ஏ என்று அச்சிட்ட மூட்டைகள் இருந்தன. எந்த மலை என்று கேட்டேன். வியாபாரியிடம் வாங்கியது, எந்த மலையென்று மூட்டையில் இருக்காது என்றார். முப்பது கிலோமீட்டரில் ஒரு காப்பி மலையை வைத்துக்கொண்டு, சேலத்துக் கடைக்காரருக்குத் தன் மூட்டை அங்கிருந்து வந்ததா என்று தெரியவில்லை. காப்பி போர்டு நாட்டின் காப்பிப் பகுதிகளில் ஒன்றாகச் சேர்வராயனைத் தனியே பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. 2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபூடன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த மலை அதில் இல்லை. மலையின் பெயர் மூட்டையில் நிற்க வேண்டுமென்றால், பறிப்பிலிருந்து வறுவல் வரை அந்தச் சரக்கை வேறெதோடும் கலக்காமல் தனியே நடத்த வேண்டும். அதுவும் தராசில் தெரியாத வேலைதான்.

பறித்த பெண்களைப் பற்றியும் எண்ணிக் கூலி கொடுப்பது பற்றியும் கடைக்காரரிடம் சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டார். கூடுதல் விலை கொடுக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, குடித்துப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டாம் சுற்றில் பறித்தது மட்டும் ஒரு கிலோ மாதிரி வேண்டும், ஈரம் பதினொன்றைத் தாண்டக் கூடாது, எந்தப் பாத்தி, எந்த வாரம் பறித்தது என்று எழுதியிருக்க வேண்டும், பொங்கலுக்கு முன்னால் வந்தால் வறுத்துப் பார்த்து விலை சொல்கிறேன் என்றார். ரைட்டரின் எண்ணைக் கொடுத்தேன். நான் கடையில் இருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்.